கொப்போலாவின் டிராகுலா எந்த இடத்தில் ஸ்டோக்கரின் டிராகுலா?

கேள்வி இரண்டு பாதிகளாக இருக்கிறது. 1992-ஆம் ஆண்டு பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா எடுத்த டிராகுலா படத்தின் தலைப்பிலேயே நாவலாசிரியர் பிராம் ஸ்டோக்கரின் பெயர் இருக்கிறது. ஆனால் நாவலைப் படித்தால் படத்துக்கு உயிராக இருக்கும் காதல் கதை அதில் இல்லை. அப்படியிருக்க அதை ஸ்டோக்கரின் டிராகுலா என்று எப்படிச் சொல்வது என்பது முதல் பாதி. கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் வந்துவிட்ட காலத்தில், சினிமா பிறந்த நாளில் இருந்த தந்திரக்காட்சி முறைகளையே பிடித்துக்கொண்டு ஏன் அந்தப் படத்தை எடுத்தார்கள் என்பது இரண்டாம் பாதி. இரண்டுக்கும் விடை ஒன்றேதான் என்பது என் கருத்து. கதையில் அந்தப் படம் நாவலை விட்டு வெகுதூரம் விலகிச் செல்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நாவல் எந்தப் பொருள்களால் கட்டப்பட்டதோ, எந்த ஆண்டின் வியப்பில் எழுதப்பட்டதோ, அந்த வியப்பைத் தன் செய்முறையிலேயே மீட்டுக்கொண்டுவந்த டிராகுலா படம் என்று நான் இதைத்தான் சொல்வேன்.

முதலில் நாவலைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் படிக்காதவர்கள் அதைப் பாழடைந்த கோட்டையும் வௌவாலும் நிறைந்த பழங்கதையாகக் கற்பனை செய்துகொள்கிறார்கள். 1897 மே மாதம் லண்டனில் வெளியான அந்த நூல், அது வெளிவந்த நாளில் மிகப் புதிய இயந்திரங்களின் நாவலாக இருந்தது. முதல் பத்தியிலேயே, டிராகுலாவின் கோட்டைக்குப் பயணப்படும் இளம் ஆங்கிலேய வழக்கறிஞர் ஜோனதன் ஹார்க்கர் தான் மியூனிக்கிலிருந்து இரவு 8.35-க்குப் புறப்பட்டதையும், வியன்னாவுக்கு 6.46-க்கு வந்திருக்க வேண்டிய ரயில் ஒரு மணி நேரம் தாமதமானதையும் எழுதுகிறார். அவர் நாட்குறிப்பு சுருக்கெழுத்தில் இருக்கிறது. மனநல மருத்துவர் செவர்ட் தன் நாட்குறிப்பை மெழுகு உருளை ஃபோனோகிராஃபில் பேசிப் பதிவு செய்கிறார். வீட்டைப் படம் பிடிக்கக் கோடக் கேமரா வருகிறது, தந்திகள் பறக்கின்றன, செய்தித்தாள் நறுக்குகள் ஒட்டப்படுகின்றன. இவை எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கித் தட்டச்சு செய்து ஒரே கோப்பாக ஆக்குகிறவர், ஹார்க்கர் மணக்கும் மினா. ஒருநாள் இரவு டிராகுலா உள்ளே புகுந்து கையெழுத்துப் பிரதியையும் மெழுகு உருளைகளையும் நெருப்பில் போட்டுவிட்டுப் போகிறார். ஆனால் மினா தட்டச்சு செய்த மற்றொரு படி இரும்புப் பெட்டியில் இருப்பதால் வேட்டை நிற்பதில்லை. பல நூற்றாண்டுகளாகச் சாகாமல் இருக்கும் ஒரு பிரபுவை, நகலெடுக்கும் இயந்திரமும் அதை இயக்கும் ஒரு பெண்ணின் ஒழுங்கும் சேர்ந்து முறியடிக்கும் கதை அது.

டிராகுலாவுக்கும் இந்தப் புதுமை தெரியும் என்பதுதான் நாவலின் நுட்பம். இரண்டாம் அத்தியாயத்தில் ஹார்க்கர் நூலக அறைக்குள் நுழையும்போது, கோட்டைப் பிரபு சோபாவில் படுத்துக்கொண்டு இங்கிலாந்தின் பிராட்ஷா ரயில்வே கால அட்டவணையைப் படித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அந்த நாவலிலேயே மிகவும் அச்சமூட்டும் காட்சி அதுதான். ரத்தம் குடிக்கப் போகிறவர் முதலில் ரயில் நேரத்தைப் பார்த்துக்கொள்கிறார்.

இப்படி நாட்குறிப்பும் கடிதமும் தந்தியுமாகத் துண்டு துண்டாக இருக்கும் நூலைத் திரைக்குக் கொண்டுவரும்போது, முந்தைய படங்கள் அந்தத் துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு நேர்க்கதையை மட்டும் எடுத்துக்கொண்டன. 1922-இல் ஜெர்மனியில் முர்னாவ் எடுத்த நோஸ்ஃபெராட்டு, ஸ்டோக்கரின் மனைவி ஃபுளோரன்ஸிடம் அனுமதி பெறாமல் பெயர்களை மாற்றி எடுக்கப்பட்ட படம். வழக்கில் தோற்றுப் பிரதிகளை அழிக்கும்படி 1925-இல் உத்தரவானது, ஆனாலும் சில பிரதிகள் தப்பின. சூரிய ஒளி பட்டால் ரத்தக்காட்டேரி அழிந்துவிடும் என்று இன்று எல்லோரும் நம்புவது அந்தப் படம் உண்டாக்கிய வழக்கம். ஸ்டோக்கரின் டிராகுலா பகலில் லண்டன் தெருவில் நடக்கிறார். அவருடைய சக்திதான் பகலில் குறைகிறது. 1931-இல் பெலா லுகோசி நடித்த படம் மேடை நாடகத்தின் வழியாக வந்தது. உயர்ந்த காலர் வைத்த கறுப்பு மேலங்கியும் விருந்து உடையும் மேடை கொடுத்த கொடை. 1958-இல் கிறிஸ்டோபர் லீ நடித்த பிரிட்டிஷ் படம் வேகத்தையும் வண்ணத்தையும் கொண்டுவந்தது. மினாவின் தோழி லூசியை மணக்க வரும் மூவரில் ஒருவரை நீக்குவதோ இருவரை ஒருவராக்குவதோ இந்தத் திரைவடிவங்களுக்குப் பொதுவான பழக்கம்.

கொப்போலாவின் படம் அவற்றைத் திருப்பி வைத்தது. மருத்துவர் செவர்ட், பிரபு குடும்பத்து ஆர்தர் ஹோம்வுட், டெக்சாஸ்காரர் குவின்சி மோரிஸ் மூவரும் இருக்கிறார்கள். கிழவராகத் தோன்றும் டிராகுலா ரத்தம் குடிக்கக் குடிக்க இளமையாகிறார். உள்ளங்கையில் மயிர் இருக்கிறது. கோட்டைச் சுவரில் பல்லியைப் போலத் தலைகீழாக ஊர்ந்து இறங்குகிறார். பகலில் நடமாடுகிறார். நாட்குறிப்பின் வரிகள், தந்தி வாசகம், தட்டச்சு ஓசை, ஃபோனோகிராஃப் குரல் எல்லாம் படம் நெடுக ஒலிக்கின்றன. எழுதப்பட்ட ஆவணங்களால் ஆன கதை என்பதைத் திரையில் காட்ட இவ்வளவு அக்கறை எடுத்துக்கொண்ட டிராகுலா படம் அதற்கு முன் எனக்குத் தெரிந்து இல்லை. தலைப்பில் ஆசிரியர் பெயரைப் போடுவது கொப்போலாவுக்குப் புதிதும் அல்ல. காட்ஃபாதர் படத்தின் தலைப்பின் மேல் மரியோ பூஸோவின் பெயரும் அப்படித்தான் நிற்கிறது.

இனி, இல்லாத காதலுக்கு வருவோம். படம் 1462-இல் தொடங்குகிறது. துருக்கியரோடு போரிட்டுத் திரும்பும் வ்லாத் (இவரே பின்னாளில் டிராகுலா ஆகிறார்), தான் இறந்ததாக வந்த பொய்ச்செய்தியை நம்பித் தன் மனைவி எலிசபெத்தா கோட்டையிலிருந்து ஆற்றில் குதித்து மாண்டதைக் காண்கிறார். தற்கொலை செய்துகொண்டவளுக்கு மீட்சி இல்லை என்று பாதிரியார் சொன்னதும் கடவுளையே மறுத்துச் சிலுவையில் வாளைப் பாய்ச்சுகிறார். நான்கு நூற்றாண்டு கழித்து, ஹார்க்கரின் மணப்பெண் மினாவின் புகைப்படத்தில் அதே முகத்தைப் பார்க்கிறார். இந்தக் காதல் கதையில் ஒரு வரிகூட ஸ்டோக்கருடையது அல்ல. இன்றைய ருமேனியாவின் தென்பகுதியான வலாக்கியாவை ஆண்ட வ்லாத் என்ற வரலாற்று மனிதரைப் பற்றியே ஸ்டோக்கருக்கு அதிகம் தெரிந்திருக்கவில்லை. 1890 கோடையில் அவர் இங்கிலாந்தின் விட்பி கடற்கரை ஊரில் தங்கியிருந்தபோது, அங்கிருந்த நூலகத்தில் வில்லியம் வில்கின்சன் என்பவர் 1820-இல் வெளியிட்ட ஒரு நூலில் டிராகுலா என்ற பெயரைக் கண்டார். வலாக்கிய மொழியில் அதற்குப் பிசாசு என்று பொருள் என்ற குறிப்பை எழுதி வைத்துக்கொண்டார். அதற்கு முன் அவருடைய குறிப்பேட்டில் இருந்த பெயர் வாம்பிர் பிரபு. நாவலில் டிராகுலாவின் கோட்டை இருக்கும் திரான்சில்வேனியாவுக்கு அவர் ஒருமுறையும் போனதில்லை. உண்மையில் அந்தப் பெயர், வ்லாதின் தந்தை 1431-இல் சேர்ந்த டிராகன் வீரர் சங்கத்திலிருந்து வந்தது: தந்தை டிராகுல், மகன் டிராகுலா.

வ்லாத்தையும் நாவலின் பிரபுவையும் ஒரே ஆளாகப் பொதுமக்கள் மனத்தில் ஒட்டவைத்தது 1972-இல் ரேமண்ட் மெக்னலியும் ராடு ஃபுளோரெஸ்குவும் எழுதிய ஆய்வு நூல். மனைவி கோட்டையிலிருந்து குதித்த கதை அர்ஜெஷ் ஆற்றங்கரையில் பொயெனாரி கோட்டையைச் சுற்றி வழங்கும் நாட்டுப்புற வழக்கு. இழந்த மனைவியின் சாயலை இன்னொரு பெண்ணிடம் காணும் டிராகுலாவை, எழுபதுகளின் முற்பாதியிலேயே டான் கர்டிஸ் இயக்கத்தில் ஜாக் பேலன்ஸ் நடித்த தொலைக்காட்சிப் படம் காட்டிவிட்டது. 1992 படத்தின் திரைக்கதையாசிரியர் ஜேம்ஸ் ஹார்ட் எழுதுவதற்கு முன்பே இந்த இழைகள் எல்லாம் திரண்டு கயிறாகிவிட்டிருந்தன என்று சொல்லலாம்.

ஆனாலும் இதை வெளியிலிருந்து கொண்டுவந்து திணித்தது என்று மட்டும் சொல்லிவிட எனக்கு மனம் வருவதில்லை, ஏனென்றால் நாவலில் மூன்று விதைகள் கிடக்கின்றன. மூன்றாம் அத்தியாயத்தில், ஹார்க்கரின் கழுத்தை நெருங்கிய மூன்று பெண்களை டிராகுலா விரட்டும்போது, நீ யாரையும் நேசித்ததே இல்லை என்று அவர்கள் ஏளனம் செய்கிறார்கள். அவர் ஹார்க்கரின் முகத்தையே பார்த்துக்கொண்டு மெல்லிய குரலில், என்னாலும் நேசிக்க முடியும், அது உங்களுக்கே தெரியும் என்கிறார். அதன்பின் ஸ்டோக்கர் அந்தக் கடந்த காலத்தை ஒரு சொல்லாலும் விளக்குவதில்லை. இருபத்து மூன்றாம் அத்தியாயத்தில், டிராகுலாவால் கறைபட்ட மினாவே, இவ்வளவு துன்பத்தையும் விளைவித்த அந்த ஆன்மாதான் எல்லாரிலும் பரிதாபத்துக்குரியது என்று தன்னைச் சுற்றியிருக்கும் ஆண்களிடம் இரக்கம் வேண்டுகிறார். கடைசி அத்தியாயத்தில், உடல் புழுதியாக உதிரும் அந்த நொடியில் டிராகுலாவின் முகத்தில் தான் எதிர்பார்த்திராத ஓர் அமைதியைக் கண்டதாக மினா எழுதுகிறார். படம் இந்த மூன்று இடங்களையும் பிடித்துக்கொண்டு, ஸ்டோக்கர் மௌனமாக விட்டதற்கெல்லாம் விடை எழுதுகிறது. வேறு யாரும் இப்படி எழுதியிருக்கலாம், எழுதாமலும் விட்டிருக்கலாம். ஆனால் மண் நாவலுடையதுதான்.

இந்த விடையால் நாவல் இழந்தது ஒன்று உண்டு. இருபத்தொன்றாம் அத்தியாயத்தைப் படித்தவர்கள் அதை மறக்க முடியாது. ஹார்க்கர் படுக்கையில் மயங்கிக் கிடக்கிறார். டிராகுலா இடக்கையால் மினாவின் இரு கைகளையும் பற்றி விலக்கிப் பிடித்து, வலக்கையால் பிடரியை அழுத்தி, அவள் முகத்தைத் தன் மார்பின் கீறலில் வைத்துக் குடிக்கச் செய்கிறார். பூனைக்குட்டியின் மூக்கைக் குழந்தை ஒன்று பால் தட்டில் வைத்து அழுத்துவதைப் போல இருந்தது என்று செவர்ட் பதிவு செய்கிறார். அந்தச் சாதாரண வீட்டுக் காட்சியை உவமையாக்கியதால்தான் அந்தக் கொடுமை நெஞ்சில் அறைகிறது. படத்தில் இதே நிகழ்ச்சி காதலாகிறது: டிராகுலா தயங்குகிறார், மினா தானே விரும்பிக் கேட்கிறாள். பலாத்காரம் சம்மதமாக மாற்றப்பட்டுவிட்டது. வினோனா ரைடரும் கேரி ஓல்ட்மேனும் அதை எவ்வளவு நம்பிக்கையோடு நடித்தாலும், நாவலின் மினாவிடம் இருந்த ஒன்று அங்கே கைவிட்டுப் போகிறது. நாவலில் அவள் ரயில் நேரங்களை மனப்பாடமாக வைத்திருப்பவள், டிராகுலா எந்த ஆற்று வழியாகத் தப்பியிருப்பார் என்பதைத் தாளில் காரணம் எழுதிக் கண்டுபிடிப்பவள். முன்பிறவிக் காதலியாக ஆன பிறகு அவளுக்கு அந்த அறிவின் தேவை குறைந்துவிடுகிறது. இந்தப் படத்தை நான் எத்தனை முறை பார்த்தாலும் இந்தக் குறை எனக்கு ஆறுவதில்லை.

படம் உருவான சூழலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொலைக்காட்சிப் படமாக ஆகவிருந்த ஹார்ட்டின் திரைக்கதையைக் கொப்போலாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தவர் வினோனா ரைடர். கொப்போலாவுக்கு அந்த நாவலோடு பழைய உறவு இருந்தது. இளைஞராக இருந்தபோது கோடை முகாமில் சிறுவர்களுக்கு அதை உரக்கப் படித்துக்காட்டியதை அவர் சொல்லியிருக்கிறார். படப்பிடிப்புக்கு முன் நடிகர்களை நாபா பள்ளத்தாக்கில் இருந்த தன் வீட்டுக்கு அழைத்து, நாவலைக் கூடி உட்கார்ந்து வாசிக்கச் செய்தார். 1982-இல் முழுக்க ஸ்டுடியோவுக்குள்ளேயே செட் போட்டு எடுத்த ஒரு படம் தோற்றுப் பெருங்கடனில் விழுந்திருந்த இயக்குநர் அவர். இம்முறையும் அவர் வெளியூர் போகவில்லை; திரான்சில்வேனியாவின் மலைப்பாதையும் லண்டன் தெருவும் கலிஃபோர்னியாவில் கல்வர் சிட்டி ஸ்டுடியோவின் தளங்களுக்குள்ளேயே எழுந்தன. சுமார் 4 கோடி டாலர் செலவில் எடுத்த படம் உலகெங்கும் 21 கோடி டாலருக்கு மேல் ஈட்டி அவரை மீட்டது.

தந்திரக்காட்சிகளுக்கு வருகிறேன். படம் எடுக்கப்பட்டது 1991-இன் இறுதியில் தொடங்கி 1992-இல். அதே 1991 கோடையில் இரண்டாம் டெர்மினேட்டர் படத்தில் உருகி ஓடும் உலோக மனிதனை உலகம் பார்த்து வாயடைத்துப் போயிருந்தது; 1993 கோடையில் ஜுராசிக் பார்க் வந்தது. இரண்டுக்கும் நடுவே நின்றுகொண்டு, 1897 காலத்துக் கதையை அந்தக் காலத்துச் சினிமாவுக்குக் கைவந்திருக்கக்கூடிய வித்தைகளைக் கொண்டே எடுக்க வேண்டும் என்றார் கொப்போலா. முதலில் அமர்த்திய நிபுணர்கள் அது நடக்காது, கம்ப்யூட்டர் வேண்டும் என்றார்கள். அவர்களை அனுப்பிவிட்டு, இருபத்தாறு வயது மகன் ரோமன் கொப்போலாவிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தார். ரோமனுக்கு மேஜிக் வித்தையிலும் பழைய சினிமாத் தந்திரங்களிலும் ஆர்வம் இருந்தது. முடிந்தவரை எல்லாமே கேமராவுக்குள்ளேயே நடக்க வேண்டும் என்பது விதி.

அதன் பொருள் என்னவென்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு காட்சியை எடுத்த பிலிமைக் கேமராவுக்குள்ளேயே பின்னோக்கிச் சுற்றி, அதே பிலிமின் மேல் மற்றொரு காட்சியை எடுப்பார்கள். முதலில் எடுக்கும்போது எந்தப் பகுதி வெளிச்சம் படாமல் இருட்டாக இருந்ததோ, அந்த இடத்தில் இரண்டாவது உருவம் வந்து உட்கார வேண்டும். நம் இரட்டை வேடப் படங்களில் மாஸ்க் ஷாட் என்று சொல்லி எடுத்தது இதே குடும்பத்து வித்தைதான். மூன்றாம் முறையில் ஒரு தவறு நேர்ந்தால், சரியாக வந்த முதல் இரண்டும் சேர்ந்து வீணாகும். ஆகவேதான் படப்பிடிப்புக்கு முன்னரே ஏராளமான ஸ்டோரிபோர்டு படங்கள் வரைந்து முடித்திருந்தார்கள். ஒளிப்பதிவாளர் மைக்கேல் பால்ஹவுஸ் ஒவ்வொன்றிலும் எங்கே இருள் விழ வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கிட வேண்டியிருந்தது.

ஹார்க்கரின் ரயில் பயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திரையின் கீழ்ப்பாதி முழுவதும் திறந்து வைத்த நாட்குறிப்பின் பக்கம். அதன் மேல்விளிம்பை ஒட்டி, செந்நிற வானத்தின் முன்னால் புகை விட்டுக்கொண்டு ஒரு சிறிய ரயில் போகிறது, அதன் நிழலும் புகையும் கையெழுத்தின் மேல் படர்கின்றன. இது எப்படிச் செய்யப்பட்டது என்று தெரியாமல் பார்த்த காலத்தில் இரண்டு படங்களை ஒட்டியிருப்பார்கள் என்று எண்ணியிருந்தேன். அவர்கள் செய்தது அதைவிட எளிது: மிகப் பெரிய அளவில் ஒரு புத்தகத்தைச் செய்து வைத்து, அதன் விளிம்பில் பொம்மை ரயிலை உண்மையாகவே ஓடவிட்டார்கள். நாவலின் முதல் பத்தியில் இருந்த நாட்குறிப்பும் ரயில் நேரமும் ஒரே சட்டகத்துக்குள் வந்துவிட்டன. ஸ்டோக்கர் ஒரு பத்தியில் சொன்னதைப் படம் ஒரே பிம்பத்தில் சொல்லிவிட்ட இடம் அது.

கோட்டைக்குள் டிராகுலாவின் நிழல் அவர் சொல்லாமலே நகர்கிறது. அவர் அமைதியாக நிற்க, பின்னால் சுவரில் நிழற்கைகள் ஹார்க்கரின் கழுத்தை நோக்கி நீள்கின்றன. அந்தச் சுவர் பின்னாலிருந்து ஒளியூட்டப்பட்ட திரை. அதன் பின்னால் அதே வடிவ உடை அணிந்த மற்றொருவர், ஓல்ட்மேனின் அசைவுகளைப் பின்பற்றியும் வேண்டுமென்றே பிசகியும் ஆடுகிறார். தொடக்கப் போர்க்காட்சியில் சிவந்த வானத்தின் முன் கழுவேற்றப்படும் உருவங்கள் கறுப்பு நிழற்பாவைகள். டிராகுலாவால் ரத்தக்காட்டேரியாகிவிட்ட லூசி கல்லறையில் சிலுவைக்கு அஞ்சிப் பின்வாங்கிச் சவப்பெட்டிக்குள் ஏறிப் படுக்கும் அந்த அசைவு மனித அசைவாகவே இல்லையே என்று தோன்றும். நடிகை சேடி ஃபிராஸ்ட் பெட்டியிலிருந்து எழுந்து வெளியே வந்ததை எடுத்துத் தலைகீழாக ஓட்டியிருக்கிறார்கள். கூரை உத்தரத்தில் எலிகள் தலைகீழாக ஓடுவதற்கும், குப்பியிலிருந்து சொட்டு கீழே விழாமல் மேலே போவதற்கும் கேமராவைக் கவிழ்த்துப் பிடித்தது போதுமானதாக இருந்தது. வெட்டுகளும் இப்படியே வஞ்சனையாக இருக்கும்: லூசியின் கழுத்தில் இருக்கும் இரண்டு பல் தடங்கள் மங்கி ஓநாயின் இரண்டு கண்களாகின்றன, அவள் தலை அறுபட்ட மறுநொடி மேசையில் வெந்த மாட்டிறைச்சியைக் கத்தி அறுக்கிறது.

பிறகு, லண்டன். இளமை பெற்ற டிராகுலா சாம்பல் நிற சூட்டும் உயர்ந்த தொப்பியும் நீலக் கண்ணாடியுமாகப் பகல் வெளிச்சத்தில் தெருவில் நடந்து வருகிறார். படத்தின் நிறமும் வேகமும் திடீரென்று மாறி, ஆட்கள் சற்று வெட்டி வெட்டி நடக்கிறார்கள். அந்தப் பகுதி பதே நிறுவனத்தின் பழைய கைவிசைக் கேமராவால், கையால் சுழற்றி எடுக்கப்பட்டது. தெருவில் சினிமட்டோகிராஃப் காட்சி நடப்பதாக அறிவிப்புக் குரல் கேட்கிறது. டிராகுலா மினாவைத் தேடிச் சென்று அங்கே அழைத்துப் போகிறார். லூமியர் சகோதரர்கள் பாரிசில் கட்டணம் வாங்கிப் படம் காட்டியது 1895 டிசம்பர் 28; லண்டன் ரீஜன்ட் தெரு பாலிடெக்னிக்கில் அவர்களுடைய கருவி காட்டப்பட்டது 1896 பிப்ரவரி; நாவல் அச்சேறியது அடுத்த ஆண்டு. ஃபோனோகிராஃபையும் கோடக்கையும் தட்டச்சையும் விடாமல் எழுதிய ஸ்டோக்கர் சினிமாவை மட்டும் எழுதவில்லை. அவர் விட்ட அந்த ஓர் இயந்திரத்தைக் கொப்போலா அந்த வரிசையில் சேர்த்துவிட்டார். விலங்குக் காட்சிச்சாலையிலிருந்து தப்பிவரும் ஓநாய் நாவலில் லூசியின் சன்னலை உடைக்கிறது. படத்தில் அது மினுங்கும் திரைக்கு முன்னால் வந்து மினாவின் கைக்கு அடங்கி நிற்கிறது. சாகாத பிரபுவும், இறந்தவர்களையும் அசையவைக்கும் கருவியும் ஒரே கொட்டகையில் சந்திக்கிறார்கள். பழைய தந்திரங்களை ஏன் பிடித்துக்கொண்டார்கள் என்ற கேள்விக்கு இந்தக் காட்சியைத்தான் விடையாகக் காட்டுவேன்: தன் காலத்தின் புதுக்கருவிகளால் கதை சொன்ன நாவலுக்கு, அதே காலத்தில் பிறந்த கருவியால் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

ஆடைகளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இங்கே சிலவற்றை மட்டும் சொல்கிறேன். செட்டுகளில் பணத்தைக் கொட்டுவதற்குப் பதில் ஆடைகளே செட்டாக இருக்கட்டும் என்பது கொப்போலாவின் முடிவு. அதற்காக அவர் அழைத்தவர் எய்கோ இஷியோகா. ஹாலிவுட் ஆடை வடிவமைப்பாளர் அல்ல, ஜப்பானிய விளம்பரக் கலை உலகிலிருந்து வந்தவர், கொப்போலாவின் வியட்நாம் போர்ப் படத்துக்கு ஜப்பானில் சுவரொட்டி வரைந்தவர். நாவலில் கிழட்டுப் பிரபு தலைமுதல் கால்வரை கறுப்பு, வேறு நிறத்தின் ஒரு புள்ளிகூட இல்லை என்று எழுதியிருக்கிறது. எய்கோ அவருக்கு அணிவித்தது ரத்தச் சிவப்பில், தரையில் நெடுந்தூரம் இழுபட்டு வரும் பட்டு அங்கி. அவர் கையில் விளக்கோடு திரும்பிப் போகும்போது அங்கியின் வால் அறைக்குள் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. போர்க்கவசம் தோலுரித்த மனிதத் தசைபோலச் சிவந்து, தலைக்கவசம் ஓநாய் முகத்தை நினைவூட்டுகிறது. கடைசிக் காட்சியின் பொன்னங்கிக்கு ஓவியர் கிளிம்ட்டின் பொன் சித்திரங்கள் மூலம். லூசி மணப்பெண் உடையிலேயே புதைக்கப்படுகிறாள். அந்த உடையின் கழுத்தைச் சுற்றி விரிந்து நிற்கும் வெள்ளைச் சரிகை, ஆஸ்திரேலியாவில் வாழும் கழுத்து மடல் பல்லி சீறும்போது விரிக்கும் மடலிலிருந்து வந்தது. கல்லறைக்குள் அவள் குழந்தையைக் கையில் ஏந்திப் படியிறங்கி வரும்போது, மணப்பெண்ணும் ஊர்வனவும் ஒரே உடையில் தெரிவதைக் கவனியுங்கள். ஆடைக்கான ஆஸ்கார் 1993-இல் எய்கோவுக்குக் கிடைத்தது. ஒப்பனைக்கும் ஒலி விளைவுக்கும் தலா ஒன்று. அந்த ஒப்பனையில் கிரெக் கேனமும் அவர் குழுவும் ஓல்ட்மேனைக் கிழவராகவும் இளைஞராகவும் ஓநாயாகவும் வௌவாலாகவும் மாற்றியிருந்தார்கள்.

குறைகள் இன்னும் உண்டு. ஹார்க்கராக நடித்த கியானு ரீவ்ஸின் ஆங்கிலேய உச்சரிப்பு பலரும் சொன்னதுபோல் பொருந்தவில்லை. டிராகுலா வேட்டையை வழிநடத்தும் பேராசிரியர் வான் ஹெல்சிங்காக அந்தோணி ஹாப்கின்ஸ் சில இடங்களில் அளவுக்கு மீறிப் போகிறார்; ஆனால் தொடக்கத்தில் எலிசபெத்தாவுக்கு மீட்சி இல்லை என்று தீர்ப்புச் சொல்லும் பாதிரியாரும் அவரே என்பதைக் கவனித்துவிட்டால், வேட்டைக்காரரின் அந்த வெறிக்குக்கூட ஒரு பழங்கணக்கு இருப்பது புலப்படும். போலந்து நாட்டு இசையமைப்பாளர் வோய்ச்சியெக் கிலாரின் இசை, அடிநாதத் தந்திகள் ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்ப மிதித்து ஏறும் விதத்தில், படத்தின் எல்லாச் சிதறல்களையும் ஒரே மூச்சில் கட்டிவைக்கிறது.

முடிவை மட்டும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிட்டு நிறுத்துகிறேன். நாவலில் சூரியன் மறையும் தறுவாயில் பனிமலைப் பாதையில் ஜிப்சிகளின் வண்டியை மறித்து, ஹார்க்கரின் குக்ரிக் கத்தி டிராகுலாவின் தொண்டையை அறுக்கிறது, மோரிஸின் போயி கத்தி நெஞ்சில் பாய்கிறது, அத்தோடு முடிந்தது. படத்தில் அதே குக்ரி, அதே போயி கத்தி, அதே அந்தி நேரம், அதே இரண்டு கைகள். ஆனால் டிராகுலா அந்த இடத்தில் சாவதில்லை. மினா துப்பாக்கியை ஏந்தி எல்லாரையும் தடுத்து, அவரைத் தான் முன்னொரு பிறவியில் கிடத்தப்பட்ட கோயிலுக்குள் கொண்டுபோய், அவரே கேட்க, அந்தக் கத்தியைத் தன் கையால் முழுதும் அழுத்தி, தலையையும் தானே வெட்டுகிறாள். அதற்கு முன் ஒரு கணம் கிழட்டு முகம் மாறி இளம் வ்லாத்தின் முகம் தெரிகிறது. மினாவின் நாட்குறிப்பில் ஒரு வாக்கியமாக இருந்த அந்த அமைதியை, அதை எழுதியவளின் கையாலேயே படம் கொடுக்க வைக்கிறது. பிறகு அவள் தலை நிமிர்ந்து பார்க்கிறாள். கூரை ஓவியத்தில் வ்லாத்தும் எலிசபெத்தாவும் சேர்ந்து மேலே போய்க்கொண்டிருக்கிறார்கள்.